திரையில் படம் வரவில்லையா? பைத்தான் கேள்வி பதில்

கேள்வி: பைத்தானில் ஒரு படத்தைத் திரையில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். தேடினால் பில்லோ, டிகேஇன்டர், ஓப்பன்சிவி, மேட்பிளாட்லிப், பைகேம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் தொடங்குவது?

பதில்: படத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும் என்றால் பில்லோ. லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப்பைக் கொண்டு, டெர்மினலில் 'பிப் இன்ஸ்டால் பில்லோ' என்று நிறுவுங்கள். நிரலுக்குள் அதன் பெயர் வேறு: 'பிஐஎல்' என்பதிலிருந்து 'இமேஜ்' என்பதை இம்போர்ட் செய்ய வேண்டும். 2009-க்குப் பிறகு புதிய பதிப்பே வராமல் நின்றுபோன பிஐஎல் லைப்ரரியின் வழிவந்ததுதான் பில்லோ. பழைய நிரல்கள் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதால் அந்தப் பெயரை விட்டுவைத்தார்கள். அடுத்த வரியில் ஃபைல் பெயரைக் கொடுத்து 'இமேஜ்.ஓப்பன்', மூன்றாவது வரியில் 'ஷோ'. மூன்றே வரிகளில் படம் வந்துவிடும்.

ஆனால் ஷோ உங்கள் நிரலுக்குச் சொந்தமாக ஒரு விண்டோவைத் திறப்பதில்லை. படத்தைத் தற்காலிக ஃபைலாகச் சேமித்து, கணினியில் ஏற்கெனவே இருக்கும் படம் பார்க்கும் செயலியிடம் ஒப்படைத்துவிடுகிறது. அந்த விண்டோவை நிரலிலிருந்து மூட முடியாது. உள்ளே இருக்கும் படத்தை மாற்றவும் முடியாது. சோதித்துப் பார்க்கும்போது மட்டும் ஷோவைப் பயன்படுத்துங்கள். பட்டன், மெனு எல்லாம் உள்ள சிறு செயலிக்கு டிகேஇன்டர். கேமரா, வீடியோ என்றால் ஓப்பன்சிவி. படத்தை எண்களாகப் பார்த்து ஆராய மேட்பிளாட்லிப். விளையாட்டுக்குப் பைகேம்.

எதை எடுத்தாலும் உள்ளே நடப்பது மூன்று வேலைகள். ஃபைலைக் கண்டுபிடித்துத் திறக்க வேண்டும். அதைப் பிக்சல்களாக விரிக்க வேண்டும். அந்தப் பிக்சல்களை ஒரு விண்டோவில் வரைந்து, பயனர் மூடும்வரை அந்த விண்டோவைப் பராமரிக்க வேண்டும். படம் வரவில்லை என்றால் இந்த மூன்றில் எது நின்றுபோனது என்று முதலில் பாருங்கள். திறந்த வரிக்கு அடுத்து படத்தின் 'சைஸ்' (அளவு), 'மோட்' (நிற வகை) இரண்டையும் பிரின்ட் செய்தால் பாதித் தேடல் முடிந்துவிடும். ஒரு நுணுக்கம் உண்டு. இமேஜ்.ஓப்பன் ஃபைலின் தலைப்பகுதியை மட்டுமே படிக்கிறது; பிக்சல்கள் தேவைப்படும்போதுதான் மீதியைப் படிக்கும். பாதியில் அறுந்த டவுன்லோடுக்கும் அளவு சரியாகவே வரும். சந்தேகம் இருந்தால் 'லோட்' கொடுத்துப் பாருங்கள், ஃபைல் அறுந்திருந்தால் அங்கேயே பிழை வந்துவிடும்.

கேள்வி: டிகேஇன்டரில் படம் காட்டும் வரிகளை நேராக எழுதினால் படம் வருகிறது. அதே வரிகளை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, பட்டனை அழுத்தும்போது ஓடவிட்டால் வெற்றுப் பகுதிதான் தெரிகிறது. பிழைச்செய்தியும் இல்லை. என் வரிகளில் என்ன தவறு?

பதில்: நீங்கள் எழுதிய வரிகள் சரியானவையே. படத்தை வைத்திருந்த மாறி காணாமல் போனதுதான் காரணம். டிகேஇன்டர் பழகுகிறவர்கள் பெரும்பாலும் எல்லோரும் இங்கே ஒருமுறை மாட்டுகிறார்கள். பிழைச்செய்தி வராததால் மணிக்கணக்கில் தேட வைத்துவிடுகிறது. அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

டிகேஇன்டர் என்பது பைத்தானுக்கும் டிகே என்ற தனி மென்பொருளுக்கும் நடுவே உள்ள பாலம். 'போட்டோஇமேஜ்' கொண்டு படத்தை உருவாக்கும்போது பைத்தானில் ஒரு பொருளும், டிகே பக்கம் ஒரு படமும் உருவாகின்றன. விண்டோவில் படத்தைக் காட்டும் உறுப்பான லேபிளிடம் நீங்கள் கொடுப்பது டிகே பக்கத்துப் படத்தின் பெயரை மட்டுமே. பைத்தான் பொருளை லேபிள் பிடித்துவைத்துக்கொள்வதில்லை. ஃபங்ஷன் முடிந்ததும் உள்ளே இருந்த மாறி அழிகிறது. வேறு யாரும் பிடித்திருக்காத அந்தப் பொருளையும் பைத்தான் அப்புறப்படுத்துகிறது. போகும்போது அது டிகே பக்கத்துப் படத்தையும் அழிக்கச் சொல்லிவிட்டுப் போகிறது. நேராக எழுதியபோது மாறி நிரல் முடியும்வரை இருந்தது, அதனால் படமும் இருந்தது.

இதே கோளாறுதானா என்று உறுதிசெய்ய ஓர் அடையாளம் இருக்கிறது. அழிக்கப்பட்ட படத்தின் அளவை டிகே விட்டுவைக்கும், உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்கும். ஆகவே படத்தின் அகல உயரத்துக்குச் சரியாக வெற்றிடம் தெரிந்தால் காரணம் இதுதான். விண்டோவில் அந்த இடமே ஒதுக்கப்படவில்லை என்றால், லேபிளுக்கு இடம் ஒதுக்கும் 'பேக்' அல்லது 'கிரிட்' கொடுக்க மறந்திருக்கிறீர்கள்.

தீர்வு ஒரு வரி. லேபிளை உருவாக்கிய பின், அந்த லேபிளின் மீதே 'இமேஜ்' என்ற பெயரில் ஒரு பண்பு வைத்து, போட்டோஇமேஜ் பொருளை அதற்குச் சமம் என்று எழுதுங்கள். லேபிள் இருக்கும்வரை படமும் இருக்கும். கிளாஸ் எழுதுகிறவர்கள் 'செல்ஃப்' மீது வைத்துக்கொள்ளலாம். குளோபல் மாறியும் வேலை செய்யும். ஆனால் இரண்டாவது படம் வந்ததும் குழப்பம் தொடங்கும் என்பதால் நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இந்தத் தீர்வைச் செய்யும்போதே வரக்கூடிய மூன்று தடுமாற்றங்களையும் கவனியுங்கள். லேபிளை உருவாக்கும் வரியின் வாலிலேயே 'பேக்' என்று ஒட்டி எழுதினால் உங்கள் மாறியில் விழுவது லேபிள் அல்ல, 'நன்' (None), அதாவது 'எதுவும் இல்லை' என்ற மதிப்பு. அதன் மீது பண்பு வைக்கப் போனால் 'அட்ரிபியூட் எரர்' வரும். லேபிள் ஒரு வரியில், பேக் அடுத்த வரியில் இருக்கட்டும். அடுத்து, ஃபார் லூப்பில் பத்துப் படங்களை ஒரே மாறியில் மாற்றி மாற்றி வைத்தால் கடைசிப் படம் மட்டுமே மிஞ்சும். எல்லாவற்றையும் ஒரு லிஸ்ட்டில் சேர்த்து வையுங்கள். மூன்றாவது, இரண்டாம் விண்டோவுக்காக மீண்டும் ஒரு 'டிகே' (முதன்மை விண்டோ) உருவாக்குவது. ஒவ்வொரு டிகேயும் தனி உலகம். ஒன்றில் உருவான படம் மற்றொன்றுக்குத் தெரியாது. அப்போதுதான் 'பைஇமேஜ்1' என்ற படமே இல்லை என்று புகார் வரும். நிரலுக்கு ஒரே ஒரு டிகே, மற்ற விண்டோக்களுக்கெல்லாம் 'டாப்லெவல்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிஎன்ஜி படம் டிகேஇன்டரில் வருகிறது, ஜேபெக் கொடுத்தால் ஃபைலில் உள்ள தரவை அடையாளம் காண முடியவில்லை என்கிறது. படம் கெட்டுப்போய்விட்டதா?

பதில்: படம் நன்றாகவே இருக்கும். டிகே 8.6-இன் சொந்தப் போட்டோஇமேஜுக்கு ஜிஃப், பிஎன்ஜி, பிபிஎம், பிஜிஎம் மட்டுமே தெரியும். ஃபைல் பெயரின் வாலை பிஎன்ஜி என்று மாற்றுவதாலும் பயனில்லை, உள்ளே இருப்பது ஜேபெக்தானே. பில்லோவால் திறந்து, பில்லோவின் 'இமேஜ்டிகே' பகுதியில் உள்ள போட்டோஇமேஜுக்குக் கொடுத்து, அதை லேபிளில் வையுங்கள். முந்தைய பதிலில் சொன்ன மறைந்துபோகும் சிக்கல் இதற்கும் பொருந்தும்.

இரண்டு முன்னெச்சரிக்கைகள். டிகே விண்டோவை உருவாக்கிய பிறகே போட்டோஇமேஜை அழையுங்கள், இல்லாவிட்டால் 'டூ எர்லி' என்று மறுக்கும். உபுண்டு, டெபியனில் டிகேஇன்டர் தனிப் பொதி, பிப்பால் வராது. 'ஆப்ட்' மூலம் 'பைத்தான்3-டிகே' நிறுவ வேண்டும். இமேஜ்டிகே இல்லை என்று சொன்னால், அங்கே 'பைத்தான்3-பிஐஎல்.இமேஜ்டிகே' என்ற பொதியும் தேவைப்படலாம்.

கேள்வி: ஓப்பன்சிவியில் 'இம்ரீட்', 'இம்ஷோ' இரண்டையும் எழுதினேன். ஒரு கணினியில் விண்டோ தோன்றியவுடன் மறைகிறது. இன்னொன்றில் அகலமும் உயரமும் பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று பிழை. என் படங்களின் பெயர்கள் தமிழில் உள்ளன; அதனால் பாதிப்பு வருமா?

பதில்: மறைவதற்குக் காரணம் 'வெயிட்கீ' இல்லாதது. இம்ஷோ படத்தை ஒப்படைக்கிறது. திரையில் வரைவதும் விண்டோவின் மற்ற வேலைகளும் வெயிட்கீ ஓடும்போதுதான் நடக்கின்றன. அடைப்புக்குறிக்குள் 0 கொடுத்தால் ஒரு விசை அழுத்தும்வரை காத்திருக்கும். 30 கொடுத்தால் சுமார் 30 மில்லிசெகண்ட் மட்டும். வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வெயிட்கீ கட்டாயம். 0 கொடுப்பதில் ஒரு பொறி உண்டு: பயனர் விசையை அழுத்தாமல் மூலையில் உள்ள பெருக்கல் குறியால் விண்டோவை மூடிவிட்டால், நிரல் வராத விசைக்காகக் காத்துக்கொண்டே நிற்கலாம். பிறருக்குக் கொடுக்கப்போகும் நிரல் என்றால், 50 மில்லிசெகண்ட் வெயிட்கீயை ஒரு லூப்பில் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் 'கெட்விண்டோபிராப்பர்ட்டி' மூலம் விண்டோ கண்ணில் படுகிறதா என்று கேளுங்கள். 1-க்குக் கீழே வந்தால் லூப்பை விட்டு வெளியேறலாம்.

இரண்டாவது பிழை இம்ஷோ வரியில் வந்தாலும் கோளாறு இம்ரீட்டில்தான். ஃபைல் கிடைக்காவிட்டால் இம்ரீட் பிழை எழுப்பாது, அமைதியாக 'நன்' திருப்பித் தரும். புதிய பதிப்புகள் டெர்மினலில் ஓர் எச்சரிக்கை வரியாவது அச்சிடுகின்றன. இம்ரீட்டுக்கு அடுத்த வரியிலேயே கிடைத்தது நன்தானா என்று சோதித்து, ஆமென்றால் ஃபைல் பாதையை அச்சிட்டு நிறுத்துங்கள். இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள்.

உங்கள் தமிழ்ப் பெயர்கள்மீது உள்ள சந்தேகம் விண்டோஸில் நியாயமானது. லினக்ஸில் தமிழ்ப் பெயர்கள் சிக்கலின்றித் திறக்கும். விண்டோஸில் இம்ரீட் பாதையைப் பழைய எழுத்துக் குறியாக்கத்தில் படிப்பதால், ஃபைல் கண்முன் இருந்தும் நன் வரும். ஃபோல்டர் பெயர் தமிழில் இருந்தாலும் இதேதான். பெயரை மாற்ற வேண்டியதில்லை: எண் வரிசைகளைக் கையாளும் நம்பை லைப்ரரியின் 'ஃப்ரம்ஃபைல்' கொண்டு ஃபைலை 'யுஇன்ட்8' வகை பைட்டுகளாகப் படித்து, அந்த வரிசையை ஓப்பன்சிவியின் 'இம்டிகோட்' ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். சேமிக்கும்போது 'இம்என்கோட்' செய்து, கிடைப்பதை 'டுஃபைல்' மூலம் எழுதுங்கள்.

அடுத்து நீங்கள் கேட்கப்போவது நிறத்தைப் பற்றியதாக இருக்கும். ஓப்பன்சிவி பிக்சல்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைக்கிறது. பில்லோவும் மேட்பிளாட்லிபும் சிவப்பு, பச்சை, நீலம். ஒன்றில் திறந்து மற்றொன்றில் காட்டினால் முகங்கள் நீலம் பாய்ந்து தெரியும். நடுவில் 'சிவிடிகலர்' கொண்டு வரிசையை மாற்றுங்கள். படம் முழுக்க வெள்ளையாக வந்தால் அது வேறு கதை: தசம எண் படங்களில் 0 முதல் 1 வரை மதிப்பு இருக்கும் என்று இம்ஷோ எடுத்துக்கொள்கிறது. 0 முதல் 255 வரை வைத்திருந்தால் 255-ஆல் வகுங்கள், அல்லது யுஇன்ட்8 ஆக மாற்றுங்கள்.

கேள்வி: எடிட்டரில் ஓடும் நிரல், ஐகானை டபுள் கிளிக் செய்தால் ஒரு கறுப்பு விண்டோ மின்னி மறைகிறது. படம் நிரல் இருக்கும் ஃபோல்டரிலேயே இருக்கிறது.

பதில்: முதலில் அதை டெர்மினலிலிருந்து ஓட்டுங்கள், மின்னி மறைந்த பிழைச்செய்தியைப் படிக்க முடியும். பெரும்பாலும் ஃபைல் இல்லை என்றுதான் இருக்கும். வெறும் ஃபைல் பெயரைக் கொடுத்தால் பைத்தான் தேடுவது நிரல் இருக்கும் ஃபோல்டரில் அல்ல, நிரல் எந்த ஃபோல்டரிலிருந்து ஓட்டப்பட்டதோ அங்கே. எடிட்டர் தான் திறந்துவைத்த ஃபோல்டரிலிருந்து ஓட்டும், ஷார்ட்கட் வேறோரிடத்திலிருந்து ஓட்டும். 'பாத்லிப்' லைப்ரரியின் 'பாத்' எடுத்து, இருபுறமும் இரண்டு அடிக்கோடுள்ள 'ஃபைல்' என்ற மாறியை அதில் இட்டு, 'ரிசால்வ்', 'பேரன்ட்' என்று போனால் நிரலின் ஃபோல்டர் கிடைக்கும். படத்தின் பெயரை அதனுடன் சாய்வுக்கோட்டால் இணையுங்கள்.

முழுப் பாதையை எழுதுகிறவர்கள் விண்டோஸில் பேக்ஸ்லாஷில் சறுக்குவார்கள். பேக்ஸ்லாஷை அடுத்துச் சிறிய 'என்' எழுத்து வந்தால் பைத்தானுக்கு அது புது வரி. 'டி' வந்தால் டேப். 'யூசர்ஸ்' ஃபோல்டரின் பெரிய 'யூ' வந்தால் எட்டு இலக்க யூனிகோட் எண்ணை எதிர்பார்த்து, நிரல் தொடங்கும் முன்பே 'சின்டாக்ஸ் எரர்' போடும். மேற்கோள் குறிக்கு முன்னால் 'ஆர்' எழுத்தைப் போடுங்கள், அல்லது முன்சாய்வுக்கோடு பயன்படுத்துங்கள்; விண்டோஸ் இரண்டையும் ஏற்கும். விண்டோஸ் ஃபைல் வகையை மறைத்துக் காட்டுவதால், நீங்கள் 'பூ.ஜேபிஜி' என்று பெயர் மாற்றியது உண்மையில் 'பூ.ஜேபிஜி.ஜேபிஜி' ஆகியிருக்கவும் வாய்ப்புண்டு.

கேள்வி: செல்போனில் எடுத்த படம் பில்லோவில் படுத்த நிலையில் வருகிறது, ஓப்பன்சிவியில் நிமிர்ந்து வருகிறது. அதோடு விண்டோ திரையைவிடப் பெரிதாகிவிடுகிறது.

பதில்: போனை எப்படிப் பிடித்தாலும் சென்சார் ஒரே வாக்கில்தான் பதிவு செய்யும்; எந்தப் பக்கம் மேலே என்பதை ஃபைலுக்குள் எக்ஸிஃப் குறிப்பில் 1 முதல் 8 வரையான ஓர் எண்ணாக எழுதிவைக்கும். 6 என்றால் வலப்பக்கமாக 90 டிகிரி சுழற்றிக் காட்ட வேண்டும். ஓப்பன்சிவியின் இம்ரீட் வழக்கமான முறையில் இந்தக் குறிப்பைப் படித்துத் தானே சுழற்றிவிடுகிறது. பில்லோவில் நீங்கள்தான் 'இமேஜ்ஆப்ஸ்' பகுதியின் 'எக்ஸிஃப்_டிரான்ஸ்போஸ்' ஃபங்ஷனை அழைக்க வேண்டும்.

சுருக்க 'தம்ப்நெயில்' சிறந்தது. அதிகபட்ச அகலமும் உயரமும் கொடுத்தால் விகிதம் கெடாமல் அதற்குள் அடக்கும். சிறிய படத்தைப் பெரிதாக்காது. 'ரீசைஸ்' நீங்கள் சொன்ன அளவுக்கே இழுத்துவிடும், முகம் சப்பையானாலும் அதற்குக் கவலையில்லை. முதலில் நிமிர்த்துங்கள், பிறகு சுருக்குங்கள். மாற்றிச் செய்தால் அகலத்துக்குக் கொடுத்த வரம்பு உயரத்துக்குப் போய்விடும். எக்ஸிஃப்_டிரான்ஸ்போஸ் புதிய படத்தைத் திருப்பித் தரும், அதை மாறியில் வாங்க வேண்டும். தம்ப்நெயில் இருக்கும் படத்தையே மாற்றும், திருப்பித் தருவது நன். அதை மாறியில் வாங்கினால் படத்தை இழந்தீர்கள். பழைய நிரல்களில் உள்ள 'ஆன்டிஅலயாஸ்' என்ற பெயர் பில்லோ 10-இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் 'லான்க்சோஸ்' என்று எழுதுங்கள்.

சுருக்குவது அழகுக்காக மட்டும் இல்லை. 4000 பெருக்கல் 3000 படத்தில் 1.2 கோடிப் பிக்சல்கள். பிக்சலுக்கு 3 பைட் என்றால் நினைவகத்தில் 36 எம்பி. டிஸ்க்கில் ஜேபெக் ஃபைல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இது குறையாது. நூறு படங்களை லிஸ்ட்டில் அப்படியே வைத்தால் என்ன ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள்.

ஓப்பன்சிவியில் விண்டோ பெரிதாவதை மட்டும் தடுக்க, இம்ஷோவுக்கு முன்னால் 'நேம்டுவிண்டோ'வை 'விண்டோ_நார்மல்' என்ற விருப்பத்துடன் அழையுங்கள். பிறகு இழுத்துச் சிறிதாக்கலாம்.

கேள்வி: மூன்று விநாடிக்கு ஒரு படம் மாறும் ஸ்லைடுஷோ எழுதினேன். 'டைம்.ஸ்லீப்' போட்டதும் விண்டோ உறைந்து, கடைசிப் படம் மட்டும் வருகிறது.

பதில்: ஸ்லீப் நடக்கும்போது விண்டோவை வரைந்து பராமரிக்கும் டிகேயின் ஈவென்ட் லூப்பும் சேர்ந்தே தூங்குகிறது, வரைய ஆளில்லை. ஒரு படத்தை மட்டும் மாற்றும் ஃபங்ஷன் எழுதி, அதன் கடைசி வரியில் 'ஆஃப்டர்' மூலம் 3000 மில்லிசெகண்ட் கழித்து அதே ஃபங்ஷனை அழைக்கச் சொல்லுங்கள். அங்கே ஃபங்ஷன் பெயருக்குப் பின் அடைப்புக்குறி போடக் கூடாது. போட்டால் மூன்று விநாடி காத்திராமல் உடனே தன்னைத் தானே அழைத்துக்கொண்டே போய் 'ரிக்கர்ஷன் எரர்' வரும். அடுத்த படத்தின் எண்ணைப் படங்களின் எண்ணிக்கையால் வகுத்து மீதி எடுத்தால் கடைசிப் படத்துக்குப் பின் முதல் படம் தானே வரும். நிறுத்தும் பட்டன் வேண்டுமானால் ஆஃப்டர் திருப்பித் தரும் அடையாளத்தைச் சேமித்து 'ஆஃப்டர்_கேன்சல்' கொடுங்கள்.

கேள்வி: கறுப்பு வெள்ளைப் படம் மேட்பிளாட்லிபில் பச்சையும் மஞ்சளுமாக வருகிறது.

பதில்: ஒரே சேனல் உள்ள (பிக்சலுக்கு ஓர் எண் மட்டுமே உள்ள) படத்தை மேட்பிளாட்லிப் வெறும் எண் அட்டவணையாகவே பார்க்கிறது, எண்களுக்கு 'விரிடிஸ்' என்ற நிறவரிசையைப் பூசுகிறது. 2017-இல் வந்த 2.0 பதிப்பு முதல் அதுதான் இயல்பு. 'சிமேப்' என்பதற்கு 'கிரே' கொடுங்கள். அதோடு நிறுத்தாமல் 'விமின்' 0, 'விமேக்ஸ்' 255 என்றும் கொடுங்கள். இல்லாவிட்டால் படத்தில் உள்ள மிகச் சிறிய எண்ணைக் கறுப்பாகவும் மிகப் பெரிய எண்ணை வெள்ளையாகவும் இழுத்துக் காட்டும். 100 முதல் 140 வரை மட்டுமே உள்ள மங்கலான படம்கூடப் பளிச்சென்று தெரியும். எக்ஸ்ரே போன்ற படங்களை ஒப்பிடுகிறவர்களுக்கு இது ஆபத்தான ஏமாற்று.

கேள்வி: படத்தின் மேல் தமிழில் பெயர் எழுத வேண்டும். ஓப்பன்சிவியில் கேள்விக்குறிகள் வருகின்றன. பில்லோவில் முதலில் கட்டங்கள் வந்தன. எழுத்துரு மாற்றியபின் 'கெ' எழுதினால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது.

பதில்: மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகள். ஓப்பன்சிவியின் 'புட்டெக்ஸ்ட்' கோடுகளால் ஆன ஹெர்ஷி எழுத்துருக்களைக் கொண்டு எழுதுகிறது; அவற்றில் தமிழ் கிடையாது. அதனால் பில்லோவுக்கு வந்தது சரி. கட்டங்கள் வந்தது எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லாததால். நோட்டோ சான்ஸ் தமிழ், அல்லது விண்டோஸில் நிர்மலா எழுத்துரு ஃபைலை 'இமேஜ்ஃபான்ட்.ட்ரூடைப்' வழியாகக் கொடுத்தால் அது தீரும்.

கொம்பு இடம் மாறுவதுதான் நமக்கே உரிய சிக்கல். யூனிகோடில் 'கெ' சேமிக்கப்படுவது முதலில் க, பிறகு கொம்பு. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தை அடுக்கும் பகுதியின் பொறுப்பு. பில்லோவின் அடிப்படை அடுக்குமுறை வந்த வரிசையிலேயே வரைந்துவிடும். 'கொ', 'கோ', 'கை' எல்லாமே இப்படிச் சிதையும். இதைச் சரியாகச் செய்வது 'ராக்ம்' என்ற லைப்ரரி. பில்லோவின் 'ஃபீச்சர்ஸ்' பகுதியில் 'செக்' ஃபங்ஷனுக்கு 'ராக்ம்' என்று கொடுத்துப் பாருங்கள். 'ட்ரூ' வந்தால் எதுவும் செய்ய வேண்டாம், பில்லோ தானே அதைப் பயன்படுத்தும். பிப்பில் வரும் பில்லோவில் 8.2 பதிப்பு முதல் ராக்ம் சேர்ந்தே வருகிறது. ஆனால் அது ஓடும்போது 'ஃப்ரிபிடி' என்ற இன்னொரு லைப்ரரியைத் தேடும். விண்டோஸில் 'ஃபால்ஸ்' வருவதற்கு வழக்கமான காரணம் அந்த 'ஃப்ரிபிடி.டிஎல்எல்' இல்லாததே. அதைக் கொண்டுவந்து, விண்டோஸ் டிஎல்எல் தேடும் இடங்களில் ஒன்றில் வையுங்கள். லினக்ஸில் ஃப்ரிபிடி பொதியை நிறுவினால் போதும்.

பட வேலை முழுக்க ஓப்பன்சிவியில் இருந்தால், எழுதும் நேரத்துக்கு மட்டும் நிற வரிசையை மாற்றி 'ஃப்ரம்அரே' மூலம் பில்லோவுக்குக் கொண்டுபோய், எழுதி முடித்ததும் நம்பை வரிசையாக்கித் திரும்பக் கொண்டுவாருங்கள். வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இதைச் செய்தால் வேகம் குறையும். மாறாத பெயராக இருந்தால் ஒரு தடவை தனிப் படமாக எழுதி வைத்துக்கொண்டு, ஃபிரேம்களின் மேல் ஒட்டுங்கள்.

கேள்வி: தொலைவில் உள்ள லினக்ஸ் சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாக ஓட்டும்போது எந்த லைப்ரரியிலும் விண்டோ திறக்கவில்லை.

பதில்: அந்தக் கணினியில் திறப்பதற்குத் திரை இல்லை. 'டிஸ்ப்ளே' மாறி இல்லை என்று டிகேஇன்டர் சொல்வதும், ஃபைலுக்கு மட்டுமே வரையும் 'ஆக்' முறையில் காட்ட முடியாது என்று மேட்பிளாட்லிப் எச்சரிப்பதும் இதையேதான். படத்தை ஃபைலாகச் சேமித்து இறக்கிப் பாருங்கள், அல்லது பிரவுசருக்குள் பைத்தானை ஓட்டும் ஜூபிட்டரில் ஓட்டுங்கள்; அங்கே பில்லோ படத்தை வைத்திருக்கும் மாறியின் பெயரைச் செல்லின் (நிரல் எழுதும் கட்டத்தின்) கடைசி வரியில் எழுதினாலே படம் வரும். மேட்பிளாட்லிபில் 'சேவ்ஃபிக்' வரியை ஷோவுக்கு முன்னால் எழுதுங்கள், பின்னால் எழுதினால் வெற்றுப் படம் சேமிக்கப்படலாம். ஓப்பன்சிவி மட்டும் சொந்தக் கணினியிலும் இம்ஷோ செயல்படுத்தப்படவில்லை என்று சொன்னால், விண்டோ வசதி இல்லாத 'ஹெட்லெஸ்' பதிப்பு நிறுவப்பட்டிருக்கிறது. பிப்பில் 'ஓப்பன்சிவி' என்று தொடங்கும் எல்லாப் பொதிகளையும் நீக்கிவிட்டு, 'ஓப்பன்சிவி-பைத்தான்' ஒன்றை மட்டும் மறுபடி நிறுவுங்கள்.